கவுன் தைக்கும் முன் ஒரு பழைய வேட்டி

கேள்வி: கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அத்தை மகள் சிம்ப்ளிசிட்டி கம்பெனியின் பேட்டர்ன் (துணியில் வைத்து வெட்டுவதற்கான தாள் அச்சு) உறை ஒன்றைத் தந்தாள். கை வைத்த, இடையில் தையல் உள்ள, கீழே விரிந்த கவுன். ரவிக்கையும் சுடிதாரும் தைத்துப் பழக்கம் உண்டு. பேட்டர்ன் வைத்துத் தைத்ததில்லை. கடையில் 'எம்' சைஸ் வாங்குவேன். மார்பு 36, இடை 30, சீட் (இடைக்குக் கீழே பின்புறச் சுற்றளவு) 38 அங்குலம். உயரம் 5 அடி. உறையில் உள்ள சைஸ்களில் 14 வெட்டுவதா, 16 வெட்டுவதா? பெரிதாகவே வெட்டிவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளலாமா? துணி எடுத்து வைத்துவிட்டேன். – வாசகி, தக்கலை.

பதில்: பெரிதாக வெட்டாதீர்கள். முதல் முறை பேட்டர்ன் தொடுகிற எல்லோருக்கும் வருகிற யோசனைதான் இது. நம் ஊர்த் தையல்காரர் அளவு ரவிக்கையை விரித்து, துணிமேலேயே சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்துத் தருவார். உடம்பு போட்டால் பிரிக்கலாம், இளைத்தால் பிடிக்கலாம். பேட்டர்ன் அப்படி இல்லை. ஒரு சைஸ் கூடும்போது பக்கத்தோடு கழுத்தும் அகலும், தோளும் நீளும், கைக்குழியும் இறங்கும். பக்கத்தைப் பிடிப்பது பத்து நிமிட வேலை. கை ஏற்றிய பிறகு தோளைக் குறைக்க வேண்டுமென்றால் பாதிக் கவுனைப் பிரித்தாக வேண்டும். அகலமாக வெட்டிய கழுத்தை யார் வந்தாலும் ஒட்ட முடியாது.

கடையின் 'எம்' இங்கே செல்லாது. உறையின் பின்புற அட்டவணையில் 14 என்றால் மார்பு 36, இடை 28, சீட் 38. 16 என்றால் 38, 30, 40. உங்கள் மார்பும் சீட்டும் 14, இடை மட்டும் 16. குழப்பம் அங்கேதான். ஒரே தாளில் பல சைஸ் கோடுகள் அச்சாகியிருக்கும். கழுத்து, தோள், கைக்குழி மூன்றையும் 14-இல் வையுங்கள். கைக்குழியின் அடியிலிருந்து மெல்லச் சாய்த்து, இடைக்கு வரும்போது 16-இன் கோட்டில் சேருங்கள். பாவாடையின் மேல் விளிம்பும் 16 ஆக இருந்தால்தான் இரண்டும் பொருந்தும். கீழே விரிவதால் சீட்டைப் பற்றிக் கவலை இல்லை.

தாளில் மார்புப் பகுதியில் வட்டத்துக்குள் சிலுவை போல ஒரு குறி இருந்தால், அருகில் தைத்து முடித்த கவுனின் அளவைத் தேடுங்கள். 36 மார்புக்கு 39 என்று இருந்தால் திகைக்க வேண்டாம். கூடுதல் மூன்று அங்குலம் மூச்சு விடவும் கை தூக்கவும்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் உயரம். இந்த அட்டவணை ஏறக்குறைய ஐந்தரை அடிப் பெண்ணை மனத்தில் வைத்துப் போட்டது. 14-க்குப் பின்கழுத்து எலும்பிலிருந்து இடை வரை 16½ அங்குலம். இடையில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, வேறொருவரை விட்டு உங்கள் முதுகை அளக்கச் சொல்லுங்கள். 15½ வந்தால் ஓர் அங்குலம் குறைக்க வேண்டும். அதை அடியில் குறைத்தால் கவுனின் இடை உங்கள் இடுப்பெலும்பில் போய் உட்காரும். மேல் பகுதித் தாளில் அடுத்தடுத்து இரண்டு கோடுகள் குறுக்கே ஓடும். நீட்டவும் குறைக்கவும் உரிய இடம் அதுதான். அங்கே அரை அங்குலம் மடித்து ஒட்டினால் ஓர் அங்குலம் குறையும். முன், பின் இரண்டிலும் ஒரே அளவு மடியுங்கள். கைக்கும் தனியாக அப்படிக் கோடு உண்டு.

இனி வேட்டி. நம் வீடுகளில் நைந்த டபுள் வேட்டிக்குப் பஞ்சமில்லை. முன், பின், ஒரு கை, இவற்றை மட்டும் அதில் வெட்டிப் பெரிய தையலில் ஓட்டிப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் விறைப்பாக நிற்பதோடு விட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்குங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள். இழுக்கிற இடத்தைப் பேனாவால் குறியுங்கள். அந்தத் திருத்தங்களைத் தாளில் ஏற்றிய பிறகே நல்ல துணியில் கத்திரியை வைக்கலாம்.

துணியை முதலில் நனைத்துக் காய வைத்தீர்களா? நான் முதலில் தைத்த பருத்திக் கவுன், முதல் துவைப்பில் முழங்காலுக்கு மேலே ஏறி என் தங்கைக்குப் போனது. நாகர்கோவில் பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிவைத்த லேஸ் பின்னல் பாட்டி பெட்டியில் கிடந்து, அதைக் கழுத்தில் வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் நனையுங்கள், பருத்தி நூல்தானே.

எடுத்த துணியின் அகலத்தையும் பாருங்கள். உறையில் சொல்லும் அளவு பெரும்பாலும் 45 அங்குல அகலத்துக்கு. உங்களுடையது 36 என்றால் ஏறக்குறைய கால் பங்கு நீளம் கூடுதலாக வேண்டும். அதுவும் எப்போதும் போதாது. 36-ஐ மடித்தால் 18. மடிப்பில் வைக்க வேண்டிய பாவாடைத் துண்டு அடியில் அதைவிட அகலமாக இருந்தால் எத்தனை மீட்டர் வாங்கியும் பயனில்லை. நடுவில் தையல் விட வேண்டிவரும்.

தாளில் உள்ள நீண்ட அம்பு பாவு நூலோடு, அதாவது துணியின் நீளவாக்கு நூலோடு, ஓட வேண்டும். அம்பின் இரு முனைகளிலிருந்தும் துணியின் கரைக்கு டேப் வைத்து அளந்தால் ஒரே எண் வர வேண்டும். அரை அங்குலம் கோணினாலும் பக்கத் தையல் முன்னால் திரும்பி வரும். ஆடி மாதம் என்றால் ஜன்னலைச் சாத்துங்கள். ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு இந்த மெல்லிய தாள் தாங்காது. காக்கித்தாளில் பிரதி எடுத்து அதையே வெட்டுவது இன்னும் நல்லது.

சிம்ப்ளிசிட்டி தாளில் தையலுக்கு விட வேண்டிய அரையே அரைக்கால் அங்குலம், அதாவது ஒன்றரை சென்டிமீட்டர், ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. பழக்க தோஷத்தில் இன்னொரு முறை விடாதீர்கள். கை மெஷினில் அளவுக் கோடு இல்லையென்றால் ஊசியிலிருந்து அந்த அளவு தள்ளி ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, துணி விளிம்பை அதை ஒட்டியே நகர்த்துங்கள். கையின் விளிம்பில் ஒற்றை முக்கோணம் முன்பக்கம், இரட்டை பின்பக்கம். மாற்றி ஏற்றினால் கை முறுக்கிக்கொள்ளும்.

அடியை உடனே மடிக்க வேண்டாம். விரிந்த பாவாடையில் சாய்வாக வெட்டிய இடங்கள் தொங்கித் தொங்கி இறங்கும். ஓர் இரவு ஹாங்கரில் விட்டு, மறுநாள் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் குறியுங்கள். குனிந்தால் அளவு மாறும் என்பதால் இதை நீங்களே செய்ய முடியாது. அத்தை மகள் இன்னும் ஊரில் இருந்தால் அந்த வேலையை அவளிடம் விடுங்கள்.