ஆஸ்ட்ரோகோத் என்றால் ‘கிழக்குக் கோத்துகள்’ என்றுதான் பொருளா?

பாதி சரி. கோத்துகள் ரோமப் பேரரசுக் காலத்தில் வாழ்ந்த ஒரு ஜெர்மானிய இனத்தவர்; ஆஸ்ட்ரோகோத்துகளும் விசிகோத்துகளும் அவர்களின் இரு கிளைகள். ‘ஆஸ்ட்ரோ’ என்பது கிழக்கைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லோடு உறவுடையது. அந்தச் சொல்லின் வேரே விடியலின் ஒளிதான். அதனால் இது வெறும் திசைப்பெயர் அல்ல, ‘எழுஞாயிற்றின் ஒளி பெற்ற கோத்துகள்’ என்ற பெருமைப்பெயர் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கிழக்கு, மேற்கு என்ற குழப்பம் விசிகோத்துகளின் பெயரிலிருந்து வந்தது. அவர்களின் பழைய பெயர் வெசி. ‘நல்லவர்’, ‘மேன்மையானவர்’ என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். மேற்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. 6ஆம் நூற்றாண்டில் ஆஸ்ட்ரோகோத் மன்னர் தியோடரிக்கிடம் பணிபுரிந்த ரோமானியர் காசியோடோரஸ்தான் இரு பெயர்களையும் ஜோடி சேர்த்து, கிழக்கு, மேற்கு என்று பிரித்துவிட்டார். அதற்கு முன், 4ஆம் நூற்றாண்டில், கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த கோத்துகளை ரோமானியர்கள் கிரூதுங்கி, தெர்விங்கி என்றே அறிந்திருந்தார்கள்.

அப்புறம், அந்தத் தியோடரிக் 493 முதல் 526 வரை இத்தாலியை ஆண்டவர். அங்கே ராவென்னா நகரில் அவருடைய கல்லறை இன்றும் நிற்கிறது. அதன் கூரை முழுவதும் ஒரே கல்! சுமார் 10 மீட்டர் அகலம். விளிம்பைச் சுற்றி 12 கைப்பிடிகள் போன்ற புடைப்புகள். படத்தையாவது தேடிப் பாருங்கள்.