சிறுபான்மை அரசு: சட்டமூலத்தில் திருத்தம் வேண்டுவோர் யாரை அணுகுவது?

கனடாவில் சரக்குப் போக்குவரத்துத் துறையில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “எங்கள் வேலையைப் பாதிக்கும் கூட்டாட்சிச் சட்டமூலம் ஒன்றில் ஒரு பிரிவை மாற்றக் கோர விரும்புகிறோம். எங்கள் தொகுதி உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். ஆளுங்கட்சிக்கோ பெரும்பான்மை இல்லை. யாருக்கு எழுதினால் பயன் உண்டு?”

அமைச்சருக்கும் எழுதுங்கள், உங்கள் உறுப்பினருக்கும் எழுதுங்கள். ஆனால் உங்கள் உழைப்பின் பெரும்பகுதியை, அந்தச் சட்டமூலத்தைப் பரிசீலிக்கும் நிலைக்குழுவுக்கே ஒதுக்குங்கள். 2021 தேர்தலுக்குப் பின் அமைந்த நாடாளுமன்றத்தில் பெரும்பாலான நிலைக்குழுக்களில் 12 பேர் இருந்தனர்: லிபரல் 6, கன்சர்வேட்டிவ் 4, பிளாக் கியூபெக்குவா 1, புதிய ஜனநாயகக் கட்சி 1. வாக்குகள் சமமானாலன்றிக் குழுத் தலைவர் வாக்களிப்பதில்லை. ஆகவே லிபரல் உறுப்பினர் தலைமை வகித்த குழுக்களில் ஆளுங்கட்சிக்கு 5 வாக்கு, எதிர்த்தரப்புக்கு 6 வாக்கு என்றே கணக்கு நின்றது. எந்தக் கட்சியாலும் தனித்து எதையும் நிறைவேற்ற முடியாது. கேள்வி நேரத்தில் ஒருவரையொருவர் கடுமையாகச் சாடும் கட்சிகள், குழு அறையில் ஒரு பிரிவின் சொற்களைப் பற்றி உடன்படுவது இதனால்தான் சாத்தியமாகிறது.

உங்களுக்கு நெருக்கமான சான்று சி-58. வேலைநிறுத்தத்தின்போது மாற்றுத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடைசெய்யும் இந்தச் சட்டமூலம், லிபரல் கட்சியும் புதிய ஜனநாயகக் கட்சியும் 2022 மார்ச்சில் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவாக வந்தது. அரச ஒப்புதலுக்கு (சட்டமூலம் சட்டமாகும் இறுதிக் கட்டம்) 18 மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும் என்றிருந்ததைக் குழு நிலையில் 12 மாதங்களாகக் குறைத்தார்கள். 2024 மே மாதத்தில் மக்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. தொழிலாளருக்கு அந்தப் பாதுகாப்பு ஆறு மாதம் முன்னதாகவே கிடைக்க அது வழிசெய்தது.

இரண்டாம் வாசிப்பு (சட்டமூலத்தின் அடிப்படைக் கொள்கையை அவை விவாதித்து வாக்களிக்கும் கட்டம்) முடிந்தவுடன் குழுவின் செயலருக்கு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சுருக்கமான மனுவை அனுப்புங்கள். பிரிவின் எண், இப்போதுள்ள சொற்கள், நீங்கள் வேண்டும் சொற்கள் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். இரண்டாம் வாசிப்பில் ஏற்கப்பட்ட கொள்கைக்கும் வரம்புக்கும் வெளியே செல்லும் திருத்தத்தைக் குழு ஏற்க இயலாது. ஒரே மனுவை எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் அனுப்புங்கள். கட்சிக்கொரு விதமாக எழுதினால் உங்கள் மீதுள்ள நம்பிக்கைதான் கெடும். சாட்சியாக அழைக்கப்பட விரும்பினால், உங்கள் பெயரை முன்மொழியும்படி குழு உறுப்பினர் ஒருவரைக் கேளுங்கள்.

வரவுசெலவுத் திட்டம் தொடர்பான சட்டமூலமாயின் நிலைமை வேறு. அதன் மீது நடப்பது நம்பிக்கை வாக்கெடுப்பு; தோற்றால் அரசே வீழும். 1979 டிசம்பரில் ஜோ கிளார்க்கின் அரசு 139க்கு 133 என்று வீழ்ந்தது வரவுசெலவுத் திட்டத்தின் மீதுதான். அங்கே அரசு எளிதில் திருத்தத்துக்கு இணங்காது என்பதால், நிதிக்குழு நடத்தும் முன்கூட்டிய கலந்தாய்விலேயே கோரிக்கையை வைப்பது நல்லது.

தாமதம் மட்டும் வேண்டாம். 2024 இலையுதிர் காலத்தில் அவை கேட்ட ஆவணங்களை அரசு முழுமையாகத் தராதது நாடாளுமன்றத்தின் சிறப்புரிமையை மீறியதா என்ற விவாதம் அவையின் அலுவல்களைப் பல வாரங்கள் முடக்கியது; 2025 ஜனவரி 6 அன்று கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டபோது நிலுவையிலிருந்த அரசுச் சட்டமூலங்கள் காலாவதியாயின. அப்படி நேர்ந்தால் புதிய சட்டமூலம் வேறு எண்ணோடு வரலாம். அதன் பிரிவு எண்களைச் சரிபார்த்து, மனுவைப் புதிய குழுவுக்கு மீண்டும் அனுப்ப வேண்டும்.