இத்தாலியிலுள்ள பழைய ரோமானிய நகரமான பாம்பேயின் சுவரோவியங்களின் நிறம் ஏன் இன்னும் உரியவில்லை? ஃப்ரெஸ்கோ என்றால் என்ன?

ஃப்ரெஸ்கோ என்பது ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல், வெறும் தண்ணீரில் கரைத்த நிறப்பொடியால் வரையும் முறை. பசையோ எண்ணெயோ தேவையில்லை. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரச் சுவர்களில் நிறம் இன்றும் நிற்பதற்குச் சுண்ணாம்புதான் முக்கியக் காரணம். நீற்றிய சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகுகிறது. நிறத்துகள்களும் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. சிமெண்ட் தரை ஈரமாக இருக்கும்போதே காவிப்பொடி தூவித் தேய்ப்பார்களே, அது மாதிரி.

அடியில் மணல் சாந்து, மேலே பளிங்குத்தூள் சாந்து. இரண்டிலும் மும்மூன்று பூச்சு வேண்டும் என்றார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். பாம்பேயின் பெரும்பாலான வீடுகளில் அவ்வளவு இல்லை.

உண்மையான சவால் நேரம்தான். ஈரம் இருக்கும்போதே வரைந்து முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் கடைசிப் பூச்சு பூசி, மேலிருந்து கீழாக இறங்குவார்கள். பூச்சு இறுகிய பிறகு வைத்த நிறம் பிடிக்காமல் பொடியாக உதிரும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்களே உதவும்: காவி, மஞ்சள் மண், செம்பும் மணலும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுட்ட எகிப்திய நீலம். பாதரசக் கனிமமான சாதிலிங்கத்தின் விலையுயர்ந்த சிவப்பு வெயில் பட்டால் கறுத்துவிடும். அதைக் காக்க மெழுகு பூசச் சொல்கிறார் விட்ருவியஸ்.

பழங்காலச் சுவரோவியம் எல்லாமே ஃப்ரெஸ்கோ என்று பலர் நினைக்கிறார்கள்; எகிப்தியக் கல்லறை ஓவியங்கள் காய்ந்த பூச்சின்மேல் பசை கலந்த நிறத்தால் வரையப்பட்டவை.