ஊற்றும் இறைப்பும்: கல நொதியங்கள் பற்றி நீங்கள் கேட்டவை

உப்புவெளி மாணவி: ஓமோன் நொதியத்தின் வேகத்தைக் கூட்டுகிறதா, அளவைக் கூட்டுகிறதா?

இரண்டும் உண்டு. அளவு கூடுவதற்கு நல்ல சாட்சி, எலியின் ஈரல் கட்டியிலிருந்து வளர்த்தெடுத்த எச்.டி.சி. கலங்கள். 1960களில் ஆய்வாளர் கோர்டன் டொம்கின்ஸ் குழுவினர் அவற்றுக்கு டெக்ஸாமெதசோன் என்ற செயற்கை ஸ்டெரொய்டு ஓமோனைக் கொடுத்தபோது, தைரோசினை உடைக்கத் தொடங்கும் நொதியம் சில மணி நேரத்தில் பல மடங்காகியது. நொதியம் செய்வதற்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுவருவது ஆர்.என்.ஏ. முதலில் ஆக்டினோமைசின் என்ற மருந்தால் அது உருவாவதைத் தடுத்துவிட்டால் அந்த ஏற்றம் வராது. புதிதாக நொதியம் செய்யப்படுகிறது என்பது அதிலேயே தெரிகிறது.

கிண்ணியா ஆசிரியர்: போசணைப் பொருளும் இப்படித்தான் செய்கிறதா?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கன்னியாவில் வெந்நீர்க் கிணற்றடியில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் ஊற்று, மறுபக்கம் வாளி வாளியாக இறைப்பு. நீர்மட்டத்தை முடிவு செய்வது இரண்டும் சேர்ந்துதான். கலத்திலும் நொதியம் உருவாகிக்கொண்டும் சிதைந்துகொண்டும் இருக்கிறது.

கொலஸ்திரோல் செய்யும் பாதையின் முக்கிய நொதியமான எச்.எம்.ஜி. கோஏ ரிடக்டேஸை எடுப்போம். ஆய்வாளர்கள் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் மனிதத் தோல் கலங்களுக்கு எல்.டி.எல். (இரத்தத்தில் கொலஸ்திரோலைச் சுமக்கும் துணிக்கை) இல்லாத ஊடகம், அதாவது வளர்ப்புத் திரவம், கொடுத்தார்கள்; நொதியம் ஏறியது. எல்.டி.எல். சேர்த்தார்கள், இறங்கியது. பரம்பரையாகக் கொலஸ்திரோல் மிகக் கூடியவர்களின் கலங்களோ எல்.டி.எல். கொடுத்தும் அசையவில்லை. அதை உள்ளே எடுக்கும் வாங்கி அவற்றில் பழுது. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கலத்துக்குள் ஸ்டெரோல் (கொலஸ்திரோலும் அதன் இனப் பொருள்களும்) கூடும்போது அந்த நொதியத்துக்கான மரபணுவின் வேலையும் குறைகிறது, ஏற்கெனவே இருக்கும் நொதியமும் விரைவாகச் சிதைகிறது. ஊற்று சுருங்க, இறைப்பு கூடுகிறது.

ஆய்வுகூடத்தில் பழகும் மாணவர், மூதூர்: அதே கலம், அதே ஓமோன், வாரத்துக்கு ஒரு முடிவு. ஏன்?

ஊடகத்தில் சேர்க்கும் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) போத்தலைப் பாருங்கள். கன்றின் சீரத்திலேயே இன்சுலினும் ஸ்டெரொய்டும் இருக்கும். தொகுதிக்குத் தொகுதி அளவு மாறும். படிக்கும் காலத்தில் நானும் போத்தல் மாறியதைக் கவனிக்காமல் ஒரு மாத வேலையை இழந்தேன். கரியால் ஸ்டெரொய்டு நீக்கிய சீரம் பாவியுங்கள். குளுக்கோசையும் பாருங்கள்: ஒரே பெயருள்ள ஊடகம் லீற்றருக்கு 1 கிராமுடனும் வரும், 4.5 கிராமுடனும் வரும்.

நிலாவெளி வாசகர்: அப்பா கொலஸ்திரோலைக் குறைக்க ஸ்டாட்டின் மாத்திரை குடிக்கிறார். அந்த ரிடக்டேஸ் நொதியம் கூடிவிடாதா?

கூடும், ஆனால் மருந்து அதை வேலை செய்ய விடாது. கொலஸ்திரோல் குறைந்த ஈரல் கலங்கள் எல்.டி.எல். வாங்கிகளையும் கூட்டி, இரத்தத்திலிருந்து அதை இழுத்துக்கொள்கின்றன. வைத்தியரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.