கருணைத்தொகை வேறு, நஷ்டஈடு வேறு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பாம்பார் சோலைக் காட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். மரங்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. நடுவில் அந்தப் பாதரசத் தெர்மாமீட்டர் கம்பெனியை ஏன் இழுத்தீர்கள்? 2001ல் மூடிய ஆலை அது. தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தாச்சு. மண்ணில் எவ்வளவு பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவும் குறித்தாச்சு. நான் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன். இணையத்தில் பாதரசம் என்று எதையோ படித்துவிட்டு, "குழந்தைகளோடு வரலாமா?" என்று போனில் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவன் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மலையில் வேலை கிடைக்காத காலத்தில் சம்பளம் கொடுத்தவர்களை இன்னும் எத்தனை நாள் திட்டுவது?

ஆர்., கொடைக்கானல்

அன்புள்ள ஆர்.,

சீசன் இரண்டு மாதம் நன்றாக ஓடினால்தான் வருஷம் ஓடும் என்ற நிலையில் இருப்பவரின் கோபம் எனக்குப் புரிகிறது. நான் எழுதியது இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர்களைப் பற்றி அல்ல. அந்த ஆலைக் கூரைக்குள் வருஷக்கணக்கில் மூச்சு விட்டவர்களைப் பற்றி.

பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டிய நினைவு எனக்கும் இருக்கிறது. எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்த அன்று, அத்தை அதை வெற்றிலை டப்பாவின் மூடியில் ஏந்தி எடுத்துக் கொடுத்தார். கடுகளவுதான், ஆனால் கனத்தது. விரலால் அழுத்தினால் நாலாகச் சிதறும், கையைக் குவித்தால் மறுபடி ஒன்றாகும். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது. பாதரசத்தை விழுங்கினால்கூடப் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். ஆபத்து அதன் ஆவியில்தான். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும்; நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சில் போகும் ஆவியில் சுமார் 80 சதவீதம் ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கை நடுக்கம், மறதி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் மெதுவாக வரும். நீங்களும் நானும் விளையாடியது ஒரு கிராமுக்கும் குறைவு, அதுவும் ஒரு நாள். ஆலையில் கணக்கு டன்னில்.

அந்த ஆலை இங்கே வந்த கதையையும் பாருங்கள். 1983 வாக்கில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து இயந்திரங்களைக் கழற்றிக் கொண்டுவந்து பாண்ட்ஸ் கம்பெனி நிறுவியது. பின்னர் அது யூனிலீவர் கைக்குப் போனது. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் ஆலை மூடப்பட்டது. 2003ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஜனங்கள் தெருவில் இறங்காமல் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

சரி, நஷ்டஈட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது அந்தச் சொல்தான். முன்னாள் தொழிலாளர்கள் 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்து வருஷம் கழித்து, 2016 மார்ச்சில், 591 பேருக்கு உடன்பாடு ஆனது. கம்பெனி கொடுத்தது மனிதாபிமான அடிப்படையிலான கருணைத்தொகை. பாதரசத்தால் யார் உடம்பும் கெட்டதற்கு ஆதாரமில்லை என்ற நிலையிலிருந்து அது இறங்கவில்லை. அரசு பஸ் மோதிக் கால் போனவருக்கு நீதிமன்றம் சொல்வது நஷ்டஈடு. கொடுக்காவிட்டால் பஸ்ஸை ஜப்தி செய்கிறார்கள், பேப்பரில் படம் வருகிறது. கருணைக்கு ஜப்தி கிடையாது. தப்பு செய்தோம் என்று யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை. பணம் வாங்கியவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் வேறு என்ன செய்ய முடியும்?

மண்ணுக்குக் குறித்த அளவிலும் இதே கதைதான். ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்ட அளவு. யூனிலீவருக்கு லண்டனில் தலைமை அலுவலகம் உண்டு. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு, உலோகப் பாதரசத்துக்கான வழிகாட்டு அளவாக 2009ல் சொன்னது கிலோவுக்கு 1 மில்லிகிராம். இன்னும் கடுமையான அளவு வைத்தால் மரங்களை இழக்க நேரும் என்று இங்கே ஒரு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சோலை மரம் ஒன்று போனால் நம் ஆயுளில் இன்னொன்று வராது. ஆனால் சோலை மண் பஞ்சு மாதிரி. பாதரசத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஐப்பசி மழையில் வண்டலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். ஆலை நின்ற மேட்டுக்குக் கீழேதான் பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர்தான் பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுகிறது. மேலே அளவு குறித்தபோது கீழே குளிக்கிறவர்களை யாராவது கேட்டார்களா?

மீன் விஷயமும் உண்டு. அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஹைதராபாத் விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் மூன்றிலும் பாதரசத்தைக் கண்டு 2006ல் எழுதினார்கள். சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றும். மீனில் சேருவது அதுதான், சாப்பிடுகிறவரை வந்தடைவதும் அதுதான். ஜப்பானில் மினமாட்டா ஊர் கெட்டது அப்படித்தான். அங்கே பாதரசக் கழிவைக் கடலில் விட்ட சிஸ்ஸோ ரசாயனக் கம்பெனியின் மருத்துவர் ஹோசோகாவா 1959ல் ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண் போட்ட பூனை. ஊர் ஜனங்களுக்கு வந்த அதே வலிப்பு அதற்கும் வந்தது. கம்பெனி அந்தச் சோதனை முடிவை வெளியே விடவில்லை. 1968 வரை கழிவைக் கடலில் விட்டுக்கொண்டே இருந்தது. மினமாட்டாவிலும் அந்தக் கம்பெனிதான் ஊருக்குச் சோறு போட்டது. நோய் வந்தவர்களைப் பார்த்து, "கம்பெனி பெயரைக் கெடுக்காதே" என்று சொன்னவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான்.

வேலை கொடுத்தார்கள் என்கிறீர்கள். கொடுத்தார்கள், நானும் மறுக்கவில்லை. வேலைக்குப் போனவர்களும் சும்மா சம்பளம் வாங்கவில்லை. எதைக் கையாள்கிறோம் என்பதை முதல் நாளே அவர்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்க வேண்டாமா? நான் கேட்பது அவ்வளவுதான்.

போனில் விசாரிக்கிறவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். ஆலை எங்கே இருந்தது, எப்போது மூடியது என்பதைச் சொல்லுங்கள். கேட்டவர்கள் உங்களை நம்பித்தான் வருவார்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் அறைகளில் முதலுதவிப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். உள்ளே பழைய பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தால் டிஜிட்டல் ஒன்று வாங்கி வையுங்கள். எப்போதாவது உடைந்துவிட்டால் முதலில் குழந்தைகளை வெளியே அனுப்பி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், இன்னும் பொடியாகிப் பரவும். கெட்டி அட்டையால் மெல்லத் தள்ளிச் சேர்த்து, மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டு மூடி வையுங்கள்.