இதய இலையை நட்டால் கொடி வருமா?

கேள்வி: அண்ணாச்சி, போன காதலர் தினத்துக்கு எங்க வீட்டுக்காரர் ஆன்லைனில் 449 ரூபாய்க்கு ஒரு ஹோயா வாங்கித் தந்தார். படத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்த கொடி. வந்ததோ சின்னத் தொட்டியில் குத்துக்கல் மாதிரி ஒரே ஒரு இதய வடிவ இலை. பத்து மாதமாகிறது, இலை வாடவும் இல்லை, ஒரு துளிரும் இல்லை. நான் தண்ணீர் ஊற்றுவதில் தப்பா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
- பாளையங்கோட்டை வாசகி

பதில்: தண்ணீரில் தப்பில்லை தங்கச்சி. உங்களிடம் இருப்பது செடியே இல்லை, வேர் விட்ட ஒரு இலை. 'ஹோயா கெரி' என்கிற இந்த வகை தாய்லாந்து, லாவோஸ் பக்கத்துக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறுகிற கொடி. இலையைக் காம்போடு கிள்ளி ஊன்றினால் வேர் பிடித்துவிடும், தடித்த இலை என்பதால் வருஷக்கணக்கில் பச்சையாக நிற்கவும் செய்யும், ஆனால் கொடி கிளம்புகிற மொட்டு கணுவில்தான் இருக்கிறது, இலையில் இல்லை. ஆத்தூர்க் கொடிக்காலில் யாராவது வெற்றிலையை ஊன்றுகிறார்களா? கணு உள்ள கொடியைத்தானே நடுகிறார்கள். ரணகள்ளி இலையைப் போட்டால் ஓரமெல்லாம் குட்டி முளைப்பதைப் பார்த்துப் பழகிவிட்டு, எல்லா இலைக்கும் அந்த வித்தை தெரியும் என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

ஒன்று மட்டும் பாருங்கள். ஈர்க்குச்சியால் மேல் மண்ணை மெல்ல விலக்கி, காம்பு முடிகிற இடத்தைக் கவனியுங்கள். காம்பு அப்படியே வேருக்குள் இறங்கினால் அது கடைசிவரை இலைதான். அடியில் குறுக்காக ஒரு தண்டுத் துணுக்கு ஒட்டியிருந்தால் கணு இருக்க வாய்ப்பு உண்டு, மண்ணை மூடிவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

பணம் விஷயம். விற்பனைப் பக்கத்தில் 'ஒற்றை இலை' என்று எங்காவது பொடி எழுத்தில் போட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனம், முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் விளம்பரப் படம், பில், வந்த தொட்டியின் போட்டோ மூன்றையும் வைத்து விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகளே சொல்கின்றன. பதில் வராவிட்டால் 1915-க்கு அடியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷ அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் 449 ரூபாய்க்கு அங்கே நடையாய் நடக்க வேண்டுமா என்றால், நான் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

அடுத்த முறை வாங்கும்போது தண்டு தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். குறைந்தது இரண்டு கணுவும், ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக ஜோடி இலையும் இருக்க வேண்டும். நர்சரியில் இதய இலை உள்ள பிலோடென்ட்ரானையே ஹோயா என்று நீட்டுவார்கள், அதில் இலைகள் மாறி மாறித்தான் வரும். ஹோயாவின் நுனியைக் கிள்ளினால் பால் வடியும், ஏனென்றால் இது எருக்கு, நன்னாரி, வேலிப்பருத்தியின் பங்காளி. (பால் கண்ணில் படாமல் கையைக் கழுவிவிடுங்கள்.) பால் மட்டும் போதாது, அல்லமண்டாவுக்கும் பால் உண்டு. பூ இருந்தால் சந்தேகமே வேண்டாம்: மெழுகில் வார்த்த மாதிரி ஐந்து முனை நட்சத்திரம், அதன் நடுவில் இன்னொரு குட்டி நட்சத்திரம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோயா உண்டு. அதற்காகக் களக்காடு, முண்டந்துறைப் பக்கம் போய்ப் பறித்துவர நினைக்காதீர்கள், அது புலிகள் காப்பகம்.

வளர்ப்பது கஷ்டமில்லை. வெறும் செம்மண் வேண்டாம், தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். காலை வெயில் படட்டும், சித்திரை மாதத்து மதிய வெயில் நம் ஊரில் இலையைப் பொசுக்கிவிடும். காய்ந்த பிறகு தண்ணீர். உப்புப் போர்த் தண்ணீரைவிடத் தாமிரபரணித் தண்ணீர் நல்லது. அப்புறம், பூ உதிர்ந்ததும் மொட்டையாக நிற்கிற அந்தக் குட்டைக் காம்பை அசிங்கமாக இருக்கிறதே என்று நறுக்கிவிடாதீர்கள், அடுத்த கொத்தும் அதே காம்பில்தான் வரும்.