கரண்ட் வாங்குனா காசு குடுப்பாங்களா?

கேள்வி: சார், நல்ல வெயில் அடிக்கிற மத்தியானத்துல கரண்ட் விலை மைனஸ்ல போச்சு, வாங்குறவங்களுக்கே காசு குடுத்தாங்கன்னு படிச்சேன். என்ன கூத்து இது? வேணாம்னா ஆஃப் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே?

பதில்: ஆஃப் பண்றதுதாங்க தலைவலியே. இது குடோன்ல அடுக்கி வைக்கிற சரக்கு இல்ல, இந்த நொடி எவ்வளவு இழுக்குறோமோ அவ்வளவும் இந்த நொடியே உற்பத்தி ஆகணும், கூடிப்போனா 50 ஹெர்ட்ஸ்ல நிக்க வேண்டிய ஃப்ரீக்வன்ஸி ஏறும், கொறஞ்சா இறங்கும், ரொம்ப இறங்குனா ரிலேங்கிற பாதுகாப்பு சுவிட்ச் தானாவே ஏரியா ஏரியாவா கட் பண்ணிடும். இப்ப ஒரு நிலக்கரி பிளான்ட்காரர் மத்தியானம் ரெண்டு மணி நேரத்துக்காக அணைச்சாருன்னு வைங்க, திரும்ப பாய்லரை சூடேத்த மணிக்கணக்காகும், எண்ணெய் செலவு, தேய்மானம் வேற, சாயந்தரம் நல்ல ரேட்டு வர்றப்ப விக்கவும் முடியாது. அதனால 'காசு குடுத்தாவது தள்ளிவிடுவோம்'னு கணக்கு போடுறாரு. யூனிட்டுக்கு இவ்வளவுன்னு மானியம் வாங்குற காத்தாலைக்காரரும் சும்மா நிறுத்த மாட்டாரு. ஜெர்மனியில 2023 ஜூலை 2ஆம் தேதி, ஞாயித்துக்கிழமை, பாதி ஃபேக்டரி லீவு, முந்தின நாள் ஏலத்துலயே ஒரு மெகாவாட்-ஹவருக்கு, அதாவது 1000 யூனிட்டுக்கு, மைனஸ் 500 யூரோ வரைக்கும் போச்சு. அதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு ரூல், இல்லன்னா இன்னும் போயிருக்குமோ என்னவோ.

கேள்வி: முந்தின நாளே வித்தாச்சு, அன்னைக்குப் பாத்து மேகம் வந்துடுச்சுன்னா?

பதில்: அதுக்குத்தான் இன்ட்ராடே மார்க்கெட், அதாவது அன்னைக்கே வாங்கி விக்கிற சந்தை. ஒரு சோலார் டிரேடர் 11.15லேருந்து 11.30 வரைக்கும் 40 மெகாவாட் தர்றேன்னு வித்துட்டாரு, 10.40க்கு புது ஃபோர்காஸ்ட் வருது, 28தான் தேறும். 12 மெகாவாட், கால் மணி நேரம், அதாவது 3 மெகாவாட்-ஹவர் துண்டு விழுது. அந்த 3ஐ டைம் முடியுறதுக்குள்ள எவன்கிட்டயாவது வாங்கியாகணும், அவரை மாதிரியே பக்கத்து பண்ணைக்காரங்களும் அதே மேகத்துக்குக் கீழதான் இருப்பாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல வாங்க ஓடுவாங்க, விலை எகிறும். வாங்காம விட்டா, கரண்ட் லைன் முழுசையும் பாத்துக்கிற கிரிட் ஆபரேட்டர் ரிசர்வ்ல வச்சிருக்கிற நீர்மின்சாரம், கேஸ், பேட்டரின்னு எதையாவது எடுத்து ஓட்டையை அடைச்சுட்டு பில்லை இவர் தலையில கட்டுவாரு, பெரும்பாலும் அது மார்க்கெட் விலையைவிட வலிக்கும். 2015 மார்ச் 20 சூரிய கிரகணத்துக்கு ஐரோப்பாவே பயந்துச்சு, ஆனா நேரம் முன்னாடியே துல்லியமா தெரிஞ்சதால ரிசர்வை கூட்டி வச்சு சமாளிச்சுட்டாங்க.

கேள்வி: அப்ப என் வீட்டு பில்லும் மைனஸ் ஆகுமா?

பதில்: ஆசைதான்! லைன் சார்ஜ், வரி எல்லாம் மைனஸ் ஆகாதுல்ல. அதுவும் உங்களுது ஃபிக்ஸட் ரேட்டுன்னா மார்க்கெட்ல நடந்த கூத்து உங்க மீட்டருக்குத் தெரியவே தெரியாது.